நல்ல குதிரை கிடைக்கும்; அவசரம் வேண்டாம்!

குதிரை வாங்கப் போன மந்திரியின் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பாண்டிய மன்னனிடம் மந்திரியாக இருந்தவர் திருவாதவூரர். கடற்கரையில் உயர்ந்த ஜாதிக் குதிரைகள் வந்து இறங்கியிருக்கின்றன என்று அரசன் கேள்விப்பட்டான். கஜானாவைத் திறந்து பொன்னை அள்ளிக் கொடுத்தான். "போய் நல்ல குதிரைகளாகப் பார்த்து வாங்கி வாரும்" என்று மந்திரியை அனுப்பினான்.

மந்திரி போனார். திருப்பெருந்துறையில் குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார். குதிரைப் பணம் கோயில் பணம் ஆயிற்று. மந்திரி, மாணிக்கவாசகர் ஆனார்!

"குதிரை எங்கே?" என்று அரசன் கேட்டான். ஆவணி மூலத்தன்று குதிரைகள் வந்தன. சிவபெருமானே குதிரை வியாபாரியாக வேடம் போட்டு ஓட்டி வந்தார். அரசன் பார்த்தான். மகிழ்ந்தான். கயிறு மாற்றி வாங்கிக்கொண்டான். அன்று இரவே அத்தனை குதிரைகளும் நரிகளாக மாறி ஊளையிட்டன. லாயத்தில் நின்ற பழைய குதிரைகளையும் கடித்துக் குதறின!

பக்தர்களுக்கு இது இறைவனின் திருவிளையாடல். குதிரை வாங்குகிறவர்களுக்கோ இதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. சந்தையில் குதிரையாக நின்றது வீட்டுக்கு வந்ததும் நரியாகிவிட்டால் என்ன செய்வது? இந்தப் பயம் அன்றும் உண்டு. இன்றும் உண்டு.

இந்தப் பயத்தினால் சிலர் குதிரையே வாங்குவதில்லை. தேடித் தேடி அலுத்துப் போய், கடைசியில் கண்ணில் பட்டதை வாங்கிவிடுகிறவர்களும் உண்டு. இரண்டும் தவறு. நம்பிக்கையை விடாமல், அவசரமும் படாமல் தேடுவது எப்படி? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

பாண்டியன் வாங்கிய குதிரைகள்

குதிரைக்காகத் தவம் கிடந்த நாடு தமிழ்நாடு. நம் மண்ணில் யானை உண்டு, மாடு உண்டு. போருக்கு ஏற்ற உயர்ந்த ஜாதிக் குதிரை மட்டும் கடல் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் குதிரைகள் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறது.

குற்றாலத்து அருவி நீர் சிற்றாறாக ஓடித் தாமிரபரணியில் கலக்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது காயல் துறைமுகம். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலிய யாத்திரிகர் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக்கு வந்தார். ஹோர்முஸ், ஏடன் முதலிய ஊர்களிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் காயலுக்கு வந்ததை அவர் எழுதி வைத்திருக்கிறார்.

எத்தனை குதிரைகள் தெரியுமா? பாண்டிய நாட்டை அப்போது ஐந்து சகோதரர்கள் ஆண்டார்களாம். ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்கினார்களாம். பாரசீகத்து ஆசிரியர் வஸ்ஸாப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார். வழியில் குதிரை செத்துப் போனாலும் பாண்டியன் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தம்!

இவ்வளவு பணம் கொட்டி வாங்கிய குதிரைகள் என்ன ஆயின? வருஷம் முடியும்போது நூறு குதிரைகள்கூட உயிரோடு மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. காரணத்தையும் அவரே சொல்கிறார். குதிரைக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே இல்லை. வெளிநாட்டு வியாபாரிகளோ அப்படிப்பட்டவர்களை இங்கே வரவிடுவதில்லை. குதிரை செத்தால்தானே மறு வருஷம் வியாபாரம் நடக்கும்! புல்லும் தானியமும் தின்ன வேண்டிய பிராணிக்குச் சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போட்டார்களாம்.

ஆகவே, நல்ல குதிரையைத் தேடிக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அதை வைத்துக் காப்பாற்றத் தெரிந்திருப்பது மறு பாதி. பாண்டியர்களிடம் பொன் இருந்தது. இந்த மறு பாதி இல்லை.

இன்று குதிரை எதற்கு?

"பஸ் இருக்கிறது, மோட்டார் சைக்கிள் இருக்கிறது. குதிரை வாங்கி என்ன செய்ய?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்.

ஒரு காலத்தில் ரயிலடிக்கு ரயிலடி குதிரை வண்டி நின்றது. இன்று அது போய்விட்டது. ஆனாலும் குதிரையை விடாதவர்கள் இருக்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டும். கோயில் விழாவுக்குக் குதிரை வேண்டும். தென் மாவட்டங்களில் விழாக்காலங்களில் மாட்டு வண்டிப் பந்தயம் நடக்கிறது. குதிரை வண்டிப் பந்தயமும் நடக்கிறது. குழந்தைகளுக்குச் சவாரி சொல்லிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆசைக்காக வளர்க்கிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் குதிரைகள்தான் குறைந்துவிட்டன. 2012ஆம் வருஷத்துக் கால்நடைக் கணக்கெடுப்பில் இந்தியா முழுவதும் ஏறத்தாழ 6 லட்சத்து 25 ஆயிரம் குதிரைகளும் மட்டக்குதிரைகளும் இருந்தன. 2019ஆம் வருஷத்தில் எண்ணியபோது அது ஏறத்தாழ 3 லட்சத்து 40 ஆயிரமாகக் குறைந்துவிட்டது. ஏழே வருஷத்தில் பாதிக்குக் கிட்டத்தட்டக் காணவில்லை!

தேடுகிறவர்கள் இதை முதலில் மனதில் வைக்க வேண்டும். குதிரை சீக்கிரம் கிடைக்கவில்லை என்றால், அது உங்கள் துரதிர்ஷ்டம் அல்ல. இருப்பதே கொஞ்சம்.

ஆலங்குளத்திலிருந்து அந்தியூருக்கு

ஆலங்குளத்துக்காரர் ஒருவர் குதிரை வாங்கக் கிளம்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகும் சாலையில் இருக்கிறது ஆலங்குளம். விவசாயமும் பீடி சுற்றும் தொழிலும் உள்ள ஊர். மாடு வேண்டுமானால் மேலப்பாளையம் சந்தைக்குப் போய் வரலாம். குதிரைக்கு அப்படிப் பக்கத்தில் சந்தை கிடையாது. அவர் ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்குப் போக வேண்டும். ஏறத்தாழ 400 கிலோ மீட்டர்!

அந்தியூர் குருநாத சுவாமி கோயிலில் ஆடி மாதம் திருவிழா. அதையொட்டிக் கூடும் கால்நடைச் சந்தையில் குதிரைகள்தான் விசேஷம். திப்பு சுல்தான் தம் படைக்கு இங்கே குதிரை வாங்கினார் என்பது அந்த வட்டாரத்து மக்களின் நம்பிக்கை. ராஜஸ்தானத்து மார்வாரிக் குதிரை வரும். இதன் இரண்டு காது நுனிகளும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று தொடப் பார்க்கும். குஜராத்தின் கத்தியவார் குதிரை வரும். பால் போன்ற வெள்ளைக் குதிரையும் வரும். பார்க்க ஆயிரம் கண் வேண்டும்.

ஆலங்குளத்துக்காரர் காலையிலிருந்து மாலை வரை சுற்றுகிறார். ஒன்று அழகாக இருக்கிறது, விலை எட்டவில்லை. ஒன்று விலைக்கு எட்டுகிறது. நடையில் ஒரு சாய்வு. மூன்றாவது எல்லாவற்றிலும் திருப்தி. துண்டுக்குள் கையை விட்டு விரல் பிடித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டார்!

வெறுங்கையோடு ஊர் திரும்புகிறார். டீக்கடையில் உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா விடுவார்களா?

"என்ன அண்ணாச்சி, போன ஆடிக்கும் சும்மா வந்தீக. இந்த ஆடிக்கும் சும்மாதானா?"

"அமையல தம்பி. அமைஞ்சா வாங்க மாட்டேனா?"

வீட்டிலே மனைவி சொல்கிறாள்: "போக்குவரத்துச் செலவுக்கே இவ்வளவு ஆச்சு. பேசாம அந்த ரெண்டாவது குதிரையையே வாங்கியிருக்கலாமில்லையா?"

இந்த இடம்தான் ஆபத்தான இடம். கேலியும் செலவுக் கணக்கும் சேர்ந்து மனிதனை உசுப்பிவிடும். "அடுத்த தடவை எது கிடைத்தாலும் பிடித்துக்கொண்டு வந்துவிடுவது" என்று வைராக்கியம் வந்துவிடும். வழிச்செலவுக்கு நாலு காசு போனதை எண்ணி, நொண்டிக் குதிரைக்கு மொத்தப் பணத்தையும் கொடுப்பார்கள்.

நிதானமாக யோசியுங்கள். சாய்ந்து நடந்த அந்த இரண்டாவது குதிரையை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வண்டியில் பூட்ட முடியாது. விற்கப் போனால் பாதி விலைக்குக் கேட்பார்கள். வேலை செய்யாவிட்டாலும் தீனி போட்டாக வேண்டும். நல்ல பராமரிப்பில் குதிரை 25 வருஷம், 30 வருஷம்கூட உயிர் வாழும்! கடன் வாங்கி வாங்கியிருந்தால் வட்டி வேறு. வேண்டாததை விட்டுவிட்டு வருவதும் லாபம்தான்.

பல் பேசும்!

சந்தையில் வியாபாரி பேசுவார். தரகர் அதற்கு மேல் பேசுவார். குதிரை பேசாது. ஆனால் அதன் பல் பேசும்!

குதிரைக்கு முன் வரிசையில் மேலே ஆறு பற்கள், கீழே ஆறு பற்கள். இரண்டரை வயதில் நடுப்பல் இரண்டும் விழுந்து முளைக்கும். மூன்றரை வயதில் அதற்கு அடுத்தவை. நாலரை வயதில் ஓரப் பற்கள். ஐந்து வயதில் வாய் நிறைந்துவிடும்.

பிறகு? கீழ்ப்பற்களின் தலையில் சிறு குழிகள் தெரியும். தின்னத் தின்னப் பல் தேயும், குழியும் மறையும். நடுப்பல்லில் ஏறத்தாழ ஆறு வயதில் மறையும். அடுத்த பல்லில் ஏழு வயதில். ஓரப் பல்லில் எட்டு வயதில். பத்து வயதுக்கு மேல் மேல்வரிசை ஓரப் பல்லில், ஈறை ஒட்டி ஒரு கோடு தோன்றும். 15 வயதில் அது பாதிப் பல் வரை இறங்கும். 20 வயதில் பல் முழுவதும் ஓடும்.

பல்லிலும் மோசடி செய்கிறவர்கள் உண்டு. கிழக் குதிரையின் பல்லில் குடைந்து, குழி இருப்பதைப்போலக் கறுப்பாக்கிவிடுவார்கள். ஆகவே பல்லை மட்டும் நம்பாமல் பல்லின் சாய்வையும் பார்க்க வேண்டும். இளங்குதிரைக்குப் பற்கள் நேராக நிற்கும். வயதாக ஆக முன்னோக்கிச் சாயும். சாய்ந்த பல்லில் சின்ன வயதுக் குழி இருந்தால் ஜாக்கிரதை!

நடையைப் பாருங்கள்

அடுத்தது கால். நாலு காலும் நன்றாக இருந்தால்தான் குதிரை. இல்லாவிட்டால் அது வெறும் தீனிச் செலவு.

குதிரையை மணலில் நடத்திக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கெட்டித் தரையில் நடத்தச் சொல்லுங்கள். பிறகு மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். கயிறு தளர்ந்திருக்கட்டும். தலையைக் கவனியுங்கள். வலியுள்ள முன்கால் தரையில் பட்டவுடன் குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். நொண்டுவது காலாக இருந்தாலும் காட்டிக் கொடுப்பது தலை!

ஒவ்வொரு காலாகத் தூக்கிக் குளம்பைப் பாருங்கள். வெடிப்பு இருக்கிறதா? கெட்ட நாற்றம் வருகிறதா? காலைத் தூக்க விடாமல் உதைக்கிற குதிரைக்கு லாடம் கட்டுவதும் கஷ்டம், வைத்தியம் பார்ப்பதும் கஷ்டம்.

மூச்சையும் எண்ணுங்கள். ஓய்வாக நிற்கிற குதிரை நிமிஷத்துக்கு 8 முதல் 16 தடவை மூச்சு விடும். நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை அடிக்கும். ஓடி வந்தால் இரண்டும் ஏறும். கொஞ்ச நேரத்தில் இறங்கிவிட வேண்டும். நின்று வெகு நேரமாகியும் விலா அடித்துக்கொண்டே இருந்தால் யோசிக்க வேண்டும்.

குணத்தைப் பார்க்க ஒரே வழி, சொல்லாமல் போய்ப் பார்ப்பதுதான். முதல் நாள் சாதுவாக நின்ற குதிரை மறுநாள் கடிக்க வரலாம். மயக்க மருந்து கொடுத்துச் சாதுவாக்கிக் காட்டுகிறவர்களும் உண்டு. ஆகவே இரண்டு நாளாவது, இரண்டு வேறு நேரத்திலாவது பாருங்கள். தீனி தின்னும்போது பாருங்கள். சேணம் வைக்கும்போது பாருங்கள். விற்கிறவரையே முதலில் ஏறி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர் ஏறத் தயங்கினால், நீங்கள் ஏற வேண்டாம்.

சுழி சுத்தமா?

நம் நாட்டில் குதிரை வாங்குகிறவர் முதலில் கேட்பது, "சுழி சுத்தமா?" என்பதுதான்.

நெற்றியில், கழுத்தில், மார்பில் மயிர் சுழித்திருக்கும் இடங்களைக் கொண்டு லட்சணம் சொல்வது வெகு காலத்துப் பழக்கம். குதிரை சாஸ்திரமே ஒன்று உண்டு. பாண்டவர்களில் நகுலன் குதிரைக் கலையில் வல்லவன் அல்லவா? அவன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் 1952ஆம் வருஷம் அச்சிட்டது.

சுழி பார்ப்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நல்ல சுழி நொண்டிக் காலை நேராக்காது. 20 வயதுக் குதிரையை ஐந்து வயதாக்காது. சுழி பார்க்கிறவரும் பல்லைப் பார்க்கத்தான் வேண்டும்.

அதற்கு மறுபக்கமும் உண்டு. சுழி சரியில்லை என்று பலர் ஒதுக்கிய குதிரை, உடம்பில் ஒரு குறையும் இல்லாமல், நல்ல குணத்தோடு, குறைந்த விலைக்கு நிற்கும். சுழியில் நம்பிக்கை இல்லாதவருக்கு அது அதிர்ஷ்டம்!

டாக்டர் பார்க்கட்டும்

எல்லாம் பார்த்துப் பிடித்துப் போனாலும் உடனே பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். கால்நடை டாக்டரைக் கொண்டு சோதித்துப் பாருங்கள்.

இதில் முக்கியமானது கிளாண்டர்ஸ் என்ற நோய். குதிரைகளுக்கு வரும் கொடிய தொற்றுநோய் இது. மனிதர்களுக்கும் தொற்றக்கூடியது. ரத்தத்தைப் பரிசோதித்துத்தான் நிச்சயமாகக் கண்டுபிடிக்க முடியும். நோய் உண்டு என்று உறுதியானால், அந்தக் குதிரையைக் கொன்றுவிட வேண்டும் என்பது சட்டம். பணம் போவது மட்டுமா? வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்களே! ஹரியானாவில் ஹிசார் நகரத்தில் குதிரை ஆராய்ச்சிக்கென்றே 1985ஆம் வருஷத்தில் மத்திய அரசு தேசிய நிலையம் ஒன்றை ஏற்படுத்தியது. இந்த நோய்க்கான சோதனைகள் அங்கே நடக்கின்றன.

"டாக்டர் எதற்கு? என் வார்த்தையை நம்ப மாட்டீர்களா?" என்று வியாபாரி கோபித்துக்கொள்ளலாம். நல்ல குதிரையை விற்கிறவருக்கு டாக்டரைக் கண்டு பயமில்லை.

எண்பது டாலர் குதிரை

"இவ்வளவும் பார்த்தால் இந்த ஜென்மத்தில் குதிரை வாங்க முடியுமா?" என்று மலைத்துப் போகிறீர்களா? ஓர் உண்மைக் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஹாரி டிலேயர் என்று ஒருவர். ஹாலந்து நாட்டிலிருந்து பிழைக்கப் போனவர். பெண்கள் பள்ளி ஒன்றில் குதிரைச் சவாரி ஆசிரியர். பிள்ளைகள் பழகுவதற்கு அடக்கமான குதிரை ஒன்று வேண்டியிருந்தது. கையில் பணம் குறைவு.

1956ஆம் வருஷம் பென்சில்வேனியாவில் நியூ ஹாலந்து என்ற ஊரில் குதிரை ஏலம். டிலேயர் போய்ச் சேர்வதற்குள் ஏலம் முடிந்துவிட்டது! யாரும் வாங்காத குதிரைகளை இறைச்சிக்காக லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் தலையில் அடித்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். டிலேயர் லாரிக்குள் எட்டிப் பார்த்தார். ஏர் உழுது இளைத்த சாம்பல் நிறக் குதிரை ஒன்று அமைதியாக அவரைப் பார்த்தது. இறக்கச் சொல்லி நடத்திப் பார்த்தார். 80 டாலர் கொடுத்து வாங்கினார்.

அதற்கு ஸ்னோமேன் என்று பெயர் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாதுவாகச் சவாரி கொடுத்தது. பிறகு பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்டார் என்று டிலேயர் அதை விற்றுவிட்டார். குதிரையோ வேலியைத் தாண்டி அவரிடமே திரும்பி வந்தது! கொண்டுபோய் விட்டால் மறுபடியும் தாண்டி வந்தது. உயரமான வேலியை அது தாண்டுகிற லாவகத்தை அப்போதுதான் அவர் கவனித்தார். திரும்ப வாங்கிக்கொண்டு, தாண்டும் பந்தயத்துக்குப் பழக்கினார்.

1958ஆம் வருஷம், நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த தேசியக் குதிரைக் காட்சியில் ஸ்னோமேன் சாம்பியன் ஆனது! ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய பணக்காரர்களின் குதிரைகள் அதன் முன்னால் தோற்றன.

டிலேயருக்கு அடித்தது வெறும் அதிர்ஷ்டம்தானா? இல்லை. தமக்கு எந்த மாதிரிக் குதிரை வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. சாதுவாக இருக்க வேண்டும். குழந்தைகளை ஏற்ற வேண்டும். பந்தயக் குதிரையை அவர் தேடவில்லை. தேவை இன்னதென்று தெரிந்தவருடைய கண்ணுக்குத்தான் லாரிக்குள் நிற்கும் குதிரையும் தெரியும்.

நம் தேசிங்கு ராஜா கதையும் இப்படித்தான். டில்லியில் யாருக்கும் அடங்காத பாராசாரி என்ற குதிரை, செஞ்சியிலிருந்து போன வாலிபனுக்கு அடங்கியது என்று நாட்டுப்புறக் கதை சொல்கிறது. அந்தக் குதிரையின் மேல் ஏறி அவன் போரிட்டான் என்றும் சொல்கிறது. தேசிங்கு மாண்டது 1714ஆம் வருஷம். முன்னூறு வருஷம் ஆகியும் குதிரையின் பெயர் மறக்கவில்லை. ஒருவருக்கு ஒத்துவராதது இன்னொருவருக்கு ஒத்துவரும். ஆனால் தேசிங்கு சவாரியில் சூரன். முதல் முதலாகக் குதிரை வாங்குகிறவர் அடங்காத குதிரையைத் தேடிப் போக வேண்டாம். பழகின குதிரைதான் நல்லது.

காத்திருக்கும் காலத்தில்...

அடுத்த சந்தை வரும் வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

ஒரு காகிதத்தில் உங்கள் தேவையை எழுதுங்கள். வண்டிக்கா, சவாரிக்கா, குட்டி எடுக்கவா? எந்த வயது வரை சம்மதம்? எந்த விலைக்கு மேல் போக மாட்டீர்கள்? இவற்றை வீட்டில் மனைவி மக்களோடு உட்கார்ந்து பேசி எழுதுங்கள். நிறம், சுழி, அழகு எல்லாம் காகிதத்தின் அடியில் இருக்கட்டும். சந்தை இரைச்சலில் மனம் தடுமாறும்போது அந்தக் காகிதம் கையைப் பிடித்து நிறுத்தும்.

செலவுக் கணக்குப் போடுங்கள். குதிரைக்கு அதன் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்கு உலர்ந்த தீனி தினமும் வேண்டும். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு 6 கிலோ! தண்ணீர் குடம் குடமாகக் குடிக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு தடவை குளம்பைச் செதுக்கி லாடம் மாற்ற வேண்டும். இந்தச் செலவைக் குதிரை வருவதற்கு முன்பே மாதா மாதம் தனியாக எடுத்து வையுங்கள். முடிகிறதா என்று தெரிந்துவிடும். முடிந்தால், குதிரை வாங்கும் பணமும் சேர்ந்துவிடும்!

லாயத்தைக் கட்டி வையுங்கள். காற்றோட்டம் வேண்டும், தரை ஈரமாக இருக்கக் கூடாது. கொள்ளு எங்கே மலிவு, பசும்புல் யார் தருவார்கள், லாடம் கட்டுகிறவர் எந்த ஊரில் இருக்கிறார், இரவில் கூப்பிட்டால் வருகிற கால்நடை டாக்டர் யார் என்று விசாரித்து வையுங்கள். குதிரைக்கு வாந்தி எடுக்க முடியாது. கண்டதைத் தின்று வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது டாக்டரைத் தேடி ஓடுவதற்கு நேரம் இருக்காது.

குதிரை வைத்திருப்பவர்களிடம் போய்ப் பழகுங்கள். தேய்த்துவிடக் கற்றுக்கொள்ளுங்கள். சேணம் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். சந்தையில் கிடைக்காத குதிரை பல சமயம் இப்படித்தான் கிடைக்கும். "பையன் வெளியூர் போய்விட்டான். பார்த்துக்கொள்ள ஆளில்லை. நல்ல கையில் கொடுத்தால் போதும்" என்று சொல்கிறவர் ஒருவர் எங்கேயாவது இருப்பார். உங்கள் கை நல்ல கை என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

பார்த்து விட்டுவிட்டு வந்த ஒவ்வொரு குதிரையைப் பற்றியும் இரண்டு வரி எழுதி வையுங்கள். எந்தக் குதிரை, ஏன் வேண்டாம் என்று. பத்துக் குதிரை பார்த்த பிறகு அதைப் படித்துப் பாருங்கள். முதல் குதிரையிடம் தெரியாத குறை பத்தாவது குதிரையிடம் தூரத்திலேயே தெரிந்திருக்கும். கை வெறுமையாக இருந்தாலும் கண் தேறியிருக்கிறது. அது வீண் போகாது.

தேடுகிறவர்களில் மூன்று வகை உண்டு. அவசரப்படுகிறவர் நரியை வாங்குகிறார். அலுத்துப் போகிறவர் ஒன்றையும் வாங்குவதில்லை. தேடிக்கொண்டே கற்றுக்கொள்கிறவர், குதிரை வந்து நிற்கும் நாளில் அதை அடையாளம் கண்டுகொள்கிறார்.

"கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும்" என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. மனிதனும் அப்படித்தான். குதிரை என்றால் ஆசை. பொறுமை என்றால் கசப்பு. அந்தக் கசப்பை விழுங்கிவிட்டால், வாசலில் கனைப்புச் சத்தம் கேட்கும் நாள் வரும். அது குதிரையின் கனைப்பாகவே இருக்கும்; நரியின் ஊளையாக இருக்காது!